மிஞ்சியதைச் சேர்ப்பவர் யார்?

நம் உழவர்களின் வழக்கில் ‘குப்பை’ என்பது இழிசொல் அன்று. வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா என்று ஒருவரையொருவர் வினவுவது அவர்களது இயல்பான பேச்சு. தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் உதிர்ந்த தழையும் குழியில் கிடந்து மக்கி, மறுபோகத்தில் நெல்லாகத் திரும்பி வந்தன. நகரத்துத் தெருக்களிலும் இதற்கென ஒரு நெறி இருந்தது. ஓட்டைக் குடத்தையும் துருவேறிய இரும்பையும் பெற்றுக்கொண்டு, பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுக்கும் வணிகர் தள்ளுவண்டியோடு வருவார். அவர் குரல் கேட்டதும் குழந்தைகள் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடுவர். வீசி எறியுமுன், இது இன்னும் யாருக்கேனும் பயன்படுமா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அந்தப் பேரீச்சம்பழம் நமக்குக் கற்றுத் தந்தது எனலாம்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசி இவ்விரு வழிகளிலும் அடங்காத பொருள். மண் அதை ஏற்றுச் செரிப்பதில்லை. பழைய பொருள் வாங்குபவரோ அதனுள் என்னென்ன அடங்கியுள்ளன என்பதை அறியார். பொன்னும் வெள்ளியும் செம்பும் அதில் உண்டு; உடலுக்குக் கேடு செய்யும் பொருள்களும் உண்டு. இவை எங்கே, எவ்வளவு, எப்படிப் பொருத்தப்பட்டுள்ளன என்பதை முழுமையாக அறிந்தவர் அதைச் செய்தவர் மட்டுமே. ஆயினும் அது பழுதானபின் செய்தவரின் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு பொருளின் பயன் தீர்ந்தபின் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? செய்து விற்றவரா, வாங்கிப் பயன்படுத்தியவரா, வீதியில் பொறுக்கி எடுத்தவரா? மேலோட்டமாக நோக்கின் இது சுகாதாரத் துறையினர் தீர்க்க வேண்டிய சிக்கலாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இது நீதியைப் பற்றிய கேள்வி என்பது புலப்படும்.

நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலை

சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழ்வோர்க்கு இக்கேள்வி அயலானது அன்று. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில், கடைசல் இயந்திரத்திலிருந்து சுருள்சுருளாக விழும் உலோகச் சீவலைக் குப்பையில் கொட்டுவார் இல்லை. இரும்புச் சீவல் வேறாகவும் பித்தளைச் சீவல் வேறாகவும் சேர்த்து எடை போட்டு விற்பர். அது மீண்டும் உலைக்குச் செல்லும். வீணாகும் ஒவ்வொரு கிலோவும் தம் கைப்பணம் என்பதைச் சிறு பட்டறைக்காரர் நன்கு அறிவார்.

அதே புறநகரில் பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர். அங்கு இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2006ஆம் ஆண்டு கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளிப் படிப்பை முடித்து வந்த இளம் பெண்கள். கோடிக்கணக்கான கைப்பேசிகள் அவர்களது விரல்களின் வழியே உலகிற்குச் சென்றன.

கழிவைக் குறைப்பதில் அந்நிறுவனம் அக்கறை காட்டவில்லை என்று சொல்ல இயலாது. கைப்பேசியை வைத்து விற்கும் அட்டைப்பெட்டியை அது சிறிதாக்கிக்கொண்டே வந்தது. பெட்டி சிறுத்தால் காகிதம் மிஞ்சும், ஒரே லாரியில் கூடுதலான பெட்டிகள் ஏறும், டீசலும் மிஞ்சும். இங்கே சிக்கனமும் இலாபமும் கைகோத்து நடக்கின்றன. அம்பத்தூர்ப் பட்டறையில் சீவலைச் சேர்ப்பதும் இதே கணக்குத்தான். இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஒழுக்கம் சோதிக்கப்படும் இடம் இதுவன்று. இலாபமும் கடமையும் பிரிந்து வெவ்வேறு திசையில் செல்லும் இடத்தில்தான் சோதனை தொடங்குகிறது. கைப்பேசித் தொழிலில் அந்த இடம், பொருள் விற்றுத் தீர்ந்த மறுநாள்.

கிரீன்பீஸ் அமைப்பு மின்னணு நிறுவனங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் தரவரிசைப்படுத்தும் பட்டியலை 2006 ஆகஸ்டில் முதன்முறையாக வெளியிட்டபோது, நோக்கியாவே முதலிடம் பெற்றது. பழைய கைப்பேசிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று அது உறுதி கூறியிருந்தது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் அந்த இடத்தை அது இழந்தது. தலைமையகம் அறிவித்த உறுதிமொழி இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் நடைமுறையில் காணப்படவில்லை என்பதே காரணம். குறை சுட்டப்பட்டபின் நிறுவனம் திருத்திக்கொண்டது. 2008இல் முதலிடத்தை மீண்டும் பெற்றது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தில்லி, குர்கான், பெங்களூர், லூதியானா ஆகிய நகரங்களில் பழைய கைப்பேசிகளைத் திரும்பப் பெறும் இயக்கத்தை நடத்தி, 45 நாள்களில் ஏறத்தாழ 3 டன் கழிவைச் சேகரித்தது. பின்னர் அது வேறு நகரங்களுக்கும் விரிந்தது.

பாராட்டுக்குரிய முயற்சியே. எனினும் அதனருகில் இன்னொரு நிகழ்ச்சியையும் வைத்துப் பார்ப்போம். 2007 ஆகஸ்டில், பி.எல்-5சி என்னும் வகை மின்கலங்களில் ஒரு பகுதி அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று தெரிய வந்தது. வேறொரு நிறுவனம் நோக்கியாவுக்காகச் செய்து கொடுத்த மின்கலங்கள் அவை. உலகெங்கும் 4 கோடியே 60 லட்சம் மின்கலங்களைப் பற்றி எச்சரிக்கை விடப்பட்டது. நம் ஊர்களிலும் மக்கள் கைப்பேசியைத் திறந்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நாள்களைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஐயத்துக்குரிய மின்கலத்துக்கு மாற்றுக் கலம் இலவசமாக வழங்கப்பட்டது. விற்றவரிடமிருந்து வாங்கியவருக்குச் செல்லும் பாதை, வாங்கியவரிடமிருந்து விற்றவருக்குத் திரும்பவும் இயலும் என்பது அன்று தெளிவாயிற்று. நற்பெயருக்கு ஊறு நேரும் என்ற அச்சம் பிறந்தபோது அப்பாதை சில நாள்களில் திறந்தது. கழிவு வெடிப்பதில்லை, செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதுமில்லை. எங்கோ யாரோ ஒருவரின் நுரையீரலில் மெல்லப் படிகிறது. ஆகையால் அதற்கான பாதை திறக்க ஆண்டுகள் பல ஆகின்றன.

பொன்னும் நஞ்சும்

நிறுவனத்தை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. 2008ஆம் ஆண்டு நோக்கியா 13 நாடுகளில் 6,500 பேரிடம் நடத்திய ஆய்வில், பழைய கைப்பேசியை மறுசுழற்சிக்குக் கொடுத்தோர் நூற்றுக்கு 3 பேரே என்று தெரிந்தது. நூற்றுக்கு 44 கைப்பேசிகள் வீட்டு இழுப்பறைகளில் உறங்கின. அப்படி உறங்குபவை எளியவை அல்ல. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2009இல் தந்த கணக்கின்படி, மின்கலம் நீக்கிய ஒரு டன் கைப்பேசிகளில் 130 கிலோ செம்பும், மூன்றரைக் கிலோ வெள்ளியும், ஏறத்தாழ 340 கிராம் பொன்னும் உண்டு. சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் பொன் கிடைத்தாலே அதை நல்ல சுரங்கம் என்பர்.

இந்தப் பொன்தான் ஏழைகளை அதனருகே இழுக்கிறது. முறையான ஆலையில் மூடிய உலையும் புகை வடிகட்டியும் கொண்டு பிரிக்க வேண்டியதை, நம் நகரங்களின் சந்துகளில் அமிலத் தொட்டியில் முக்கியும் திறந்தவெளியில் எரித்தும் பிரிக்கின்றனர். செம்புக் கம்பியின் மேலுறையை எரிக்கும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு எழுகிறது. பற்றவைப்பில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வாறான முறைசாராக் கழிவுத் தொழிலில் உலகெங்கும் 1 கோடியே 29 லட்சம் பெண்கள் ஈடுபட்டிருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே.

ஆக, மறுசுழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் மறைந்திருக்கின்றன. ஒன்றில் செய்தவர் தம் பொருளைத் திரும்பப் பெற்று, தம் செலவில், தம் அறிவைக்கொண்டு பிரிக்கிறார். மற்றொன்றில் பொன் ஒருவரிடமும் நஞ்சு மற்றொருவரிடமும் போய்ச் சேர்கின்றன. இரண்டாவதை மறுசுழற்சி என்பதைவிடச் சுமையைக் கைமாற்றுவது என்பதே பொருந்தும்.

இலை எடுப்பவர் யார்?

நம் விருந்துகளில் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்போம். பந்தியில் பரிமாற எத்தனையோ கைகள் முந்தும். அது பெருமை, உறவைக் காட்டும் செயல். உண்டு முடித்த இலையை எடுக்கும் வேளை வரும்போது அக்கைகள் மறைந்துவிடும். அதற்கென வேறு ஆள் இருப்பார். அந்த வேறு ஆள் யார் என்பதைப் பல தலைமுறைகளாகப் பிறப்பே முடிவு செய்து வந்தது. கழிவைத் தொடுவது சிலருக்கு விதிக்கப்பட்டது. பிறர் அதைக் காணாதிருக்க உரிமை பெற்றனர். கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடை செய்ய 2013இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், இவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரோடியுள்ளது என்பதை உணரலாம். மின்னணுக் கழிவும் நம் நாட்டில் அந்தப் பழைய பாதை வழியாகவே இறங்கிச் செல்கிறது. கருவி புதியது, அதைச் சுமப்பவர் பழையவரே.

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை இந்நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயன்தரும். ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்தனர். பசி தீர்ந்தது, புதுமை நிகழ்ந்தது, அத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் யோவான் நற்செய்தியில் ஆண்டவர், எஞ்சிய துண்டுகள் எதுவும் வீணாகாதவாறு சேர்க்கும்படி பணிக்கிறார். ஐந்து அப்பங்களைப் பெருக்க வல்லவருக்கு எஞ்சிய துண்டுகள் தேவையா என்று நாம் வியக்கலாம். நிறைவு உண்டு என்பதால் வீணாக்கும் உரிமை உண்டாகாது என்பதே அதன் பொருள். அவர் யாரைப் பணித்தார் என்பது அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எளியவரை அழைத்துப் பொறுக்கச் சொல்லவில்லை. தம் சீடர்களைப் பணித்தார். மத்தேயுவின் விவரிப்பில் மக்களுக்கு அப்பத்தைப் பகிர்ந்து கொடுத்தவர்களும் அச்சீடர்களே. பரிமாறிய கைகளே பன்னிரண்டு கூடைகளைச் சுமந்தன.

இந்தியச் சட்டம் இக்கருத்தை வேறு மொழியில் பேசத் தொடங்கியிருக்கிறது. 2011இல் இயற்றப்பட்டு 2012 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை, பொருளின் இறுதிவரை நீள்கிறது என்று வரையறுத்தன. 2016இல் அவ்விதிகள் விரிவாக்கப்பட்டன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள், உற்பத்தியாளர் எவ்வளவு கழிவை மறுசுழற்சி செய்விக்க வேண்டும் என்ற அளவை நூற்றுக்கு 60இல் தொடங்கிப் படிப்படியாக 80 வரை உயர்த்துகின்றன. இதை நிறைவேற்ற, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து அதற்கான சான்றிதழை உற்பத்தியாளர் பெற வேண்டும். முறை தவறன்று, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே உலை வைக்க இயலாதுதான். ஆனால் சான்றிதழ் ஒரு காகிதம். துண்டுகளைச் சேர்த்த கையின் களைப்பு அக்காகிதத்தில் இராது. எண்ணிக்கை நிறைவேறினால் மனச்சான்றும் நிறைவேறிற்று என்று கொள்வோமாயின், கூடை தூக்காமலேயே கூடைக்கணக்கு எழுதியவர்கள் ஆவோம்.

மனிதரும் மிச்சமா?

ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையின் முடிவு நம் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. 2013இல் எழுந்த வரி வழக்கால் அதன் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குக் கைமாறியபோது, இத்தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. தொழிலாளருள் பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று வெளியேறினர். 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. யார் பிழை என்பதில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் வெவ்வேறு விடைகள் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று.

நாம் நோக்குவது வேறொன்று. 2019இல் ஸால்காம்ப் என்னும் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. கைப்பேசிக்கான மின்னேற்றிகளைச் செய்வது அதன் தொழில். கட்டடம் மறுபயன் பெற்றது. இயந்திரங்களுக்கு மறுவிலை உண்டு. செம்புக்கும் பொன்னுக்கும் உலை உண்டு. எட்டாண்டு காலம் ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்து பழகிய ஒரு பெண்ணின் விரல்களுக்கு மட்டும், வேறு வேலை தெரியாத இருபத்தைந்தாம் அகவையில், மறுவிலை சொல்ல ஆளில்லை. ஓய்வு என்ற சொல் அந்த வயதில் எத்துணை விந்தையானது! ஈட்டுத்தொகை கொடுக்கப்பட்டது, கணக்கு நேரானது. ஆனால் ஒருவரின் இளமையைப் பயன்படுத்தியவர், பயன் தீர்ந்தபின் அவர் செல்லும் வழியைப் பற்றி அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவரா, இல்லையா? கைப்பேசியைப் பற்றி நாம் எழுப்பிய அதே கேள்வி இங்கே மனித முகத்தோடு நிற்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் இவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டார். பொருள்களை விரைந்து குப்பையாக்கும் பண்பாடும், மனிதரை ஒதுக்கித் தள்ளும் பண்பாடும் வெவ்வேறல்ல என்பது அவரது பார்வை. எதையும் ‘எனக்கு என்ன பயன்?’ என்ற ஒரே தராசில் நிறுக்கப் பழகிய மனம், கைப்பேசியோடு நின்றுவிடுவதில்லை. முதியவரையும் நோயாளியையும் வேலையிழந்தவரையும் அதே தராசில் வைக்கிறது. கழிவு என்பது ஒரு பொருளின் இயல்பன்று. அதைப் பார்ப்பவர் அதன்மேல் எழுதும் தீர்ப்பு.

ஓர் எச்சரிக்கை

மறுசுழற்சி ஒருவகையில் ஆறுதலும் தருகிறது. அந்த ஆறுதலில் ஆபத்தும் உண்டு. பழையது எப்படியும் உருகிப் புதியதாகும் என்று நம்பினால், புதியதை வாங்க மனம் கூசாது. ஆனால் அனைத்தும் திரும்பி வருவதில்லை. கைப்பேசியில் நுண்ணிய அளவில் கலந்திருக்கும் அரிய உலோகங்கள் பலவற்றில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மீட்கப்படுவதில்லை என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் தெரிவித்தது. ஆதலால் திரும்பக் கொடுப்பதைவிட நீண்டநாள் வைத்துப் பயன்படுத்துவது மேலானது. உடைந்த கண்ணாடியை மாற்றி, தளர்ந்த மின்கலத்தை மாற்றி இன்னும் ஈராண்டு ஓடச் செய்யும் ரிச்சி தெருப் பழுதுபார்ப்பவர், பெரிய ஆலைகள் செய்ய இயலாத நற்பணியைச் சிறு திருகாணி முடுக்கியால் செய்கிறார். அவருக்கு உதிரிப்பாகம் கிடைக்கும்படி கைப்பேசியை வடிவமைப்பதும் நிறுவனத்தின் அறக்கடமையே.

இன்னொரு தடையையும் சிலர் எழுப்புவர். நிறுவனங்களே கழிவைத் திரும்பப் பெற்றால், காயலான் கடையை நம்பி வாழும் குடும்பங்கள் என்னாகும் என்பர். நியாயமான கவலை. வீடுவீடாகச் சென்று சேர்க்கும் திறன் அவர்களிடமே இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் அத்தகைய வலைப்பின்னல் இல்லை. சேகரிக்கும் பணியை நல்ல விலை கொடுத்து அவர்களிடம் ஒப்படைத்து, உடைக்கும் உருக்கும் ஆபத்தை மட்டும் தகுந்த ஆலைகள் ஏற்றுக்கொள்வதே நீதிக்கு ஒத்த வழி. ஏழையின் பிழைப்பைக் காக்கிறோம் என்று சொல்லி அவர் கையில் அமிலத்தைக் கொடுப்பது இரக்கமாகாது.

வாங்குவோராகிய நம் பங்கு சிறிதாயினும் உண்மையானது. விலையையும் படக்கருவியின் திறனையும் ஆராய்ந்து கேட்கிறோம். பணம் கொடுக்குமுன் மேலும் ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்கலாம்: இது பழுதானால் எங்கே திருப்பிக் கொடுப்பது? ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள நம் பங்குகளின் குடும்பங்கள் எல்லாம் கேட்டால், அவர் தம் மேலாளரைக் கேட்பார். மேலாளர் நிறுவனத்தைக் கேட்பார். பரிமாறியவரிடம் கூடையை நீட்டுவதற்கு நம்மிடம் உள்ள எளிய வழி அதுவே.